வீட்டுக் கடனும் வட்டிப் போட்டியும்

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகு வாங்கப் போகும் வியாபாரி, முதற்கடையில் சொன்ன விலைக்கே பணத்தை எண்ணி வைத்துவிடுவதில்லை. நான்கு கடை ஏறி இறங்கி, எடை பார்த்து, ஈரம் பார்த்து, பேரம் பேசிய பின்னரே மூட்டையைத் தூக்கச் சொல்வான். ஆனால், இருபது ஆண்டுச் சம்பாத்தியத்தை முன்கூட்டியே ஈடு வைத்து வாங்கும் வீட்டுக் கடனில் மட்டும், நம்மவர் பலர் முதலில் தேடி வந்த முகவர் நீட்டிய தாளிலேயே கையொப்பமிட்டு விடுகின்றனர். கடன் கேட்பவன் கைகட்டி நிற்க வேண்டியவன் என்ற பழைய எண்ணமே இதற்குக் காரணம் எனத் தோன்றுகிறது.

அக்காலம் மலையேறி விட்டது. 1977-ஆம் ஆண்டில் ஹஸ்முக் பாரேக் அவர்கள் எச்.டி.எப்.சி. நிறுவனத்தைத் தொடங்கியபோது, தனிமனிதருக்கு வீடு கட்ட நீண்ட காலக் கடன் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் நம் நாட்டில் அரிது. 1989-இல் ஆயுள் இன்சூரன்ஸ் கழகத்தின் வீட்டு வசதி நிறுவனம் தோன்றியது. பின்னர் வணிக வங்கிகளும் இத்துறையில் முனைந்து இறங்கின. ஆலுவாயைத் தலைமையிடமாகக் கொண்ட பெடரல் வங்கியும், திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட சௌத் இந்தியன் வங்கியும் இக்களத்தில் உள்ளவையே. மாதச் சம்பளமும் ஒழுங்கான வரவுசெலவும் உடைய குடும்பத்தை இன்று வங்கிகள் தேடி வருகின்றன. இப்போட்டி நமக்கு நன்மையே. ஆனால் அது யாருக்கு நன்மை? கணக்குப் போடுகிறவனுக்கு மட்டுமே.

இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரத ஸ்டேட் வங்கி, முதலாண்டுக்கு 8 சதவிகித வட்டி என்று அறிவித்து வீட்டுக் கடன் சந்தையையே கலக்கியது. பிற நிறுவனங்கள் அதனைக் குறை கூறின. ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் தாமும் அதுபோன்ற திட்டங்களுடன் வந்தன. தொடக்கத்தில் குறைந்த வட்டி, சில ஆண்டுகள் கழித்துச் சந்தை வட்டி என்பதே அவற்றின் சாரம். வட்டி உயரும்போது கடனாளிகள் தடுமாறுவர் என்று கருதிய ரிசர்வ் வங்கி, 2010 நவம்பரில் இத்தகைய கடன்களுக்கு வங்கிகள் ஒதுக்கி வைக்க வேண்டிய தொகையை 0.40 சதவிகிதத்திலிருந்து 2 சதவிகிதமாக உயர்த்தியது. அஞ்சியபடியே வட்டியும் ஏறிற்று. 2009-இல் 4.75 சதவிகிதமாக இருந்த ரெப்போ வட்டி, 2011 அக்டோபரில் 8.50 சதவிகிதத்தை எட்டியது. முதலாண்டுத் தவணையை மட்டும் பார்த்துக் கடன் வாங்கிய குடும்பங்களின் நிலையை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

அப்படிச் சிக்கியவர் வேறு வங்கிக்கு மாற முயன்றால், முன்கூட்டி அடைப்பதற்கென்று அபராதம் கேட்கப்பட்ட காலமும் இருந்தது. 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி, மாறும் வட்டி வீட்டுக் கடன்களுக்கு வங்கிகள் அவ்வபராதம் வசூலிக்கக் கூடாதென்று தடுத்தது. அன்று திறந்த கதவின் வழியாகவே, "உங்கள் கடனை எங்களிடம் மாற்றிக்கொள்ளுங்கள், தவணையைக் குறைக்கிறோம்" என்று இன்று தொலைபேசியில் அழைக்கிறார்கள். இவ்வழைப்பில் நன்மையும் உண்டு, கண்ணியும் உண்டு. இரண்டையும் எண்களாலேயே காட்டுவோம்.

ஒரு குடும்பம் 30 லட்சம் ரூபாயை 8.5 சதவிகித வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்குகிறது என்று கொள்வோம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் கட்டியது 15 லட்சத்து 62 ஆயிரம். ஆனால் அசலில் குறைந்தது மூன்றரை லட்சத்தைச் சிறிதே தாண்டும். 26 லட்சத்து 44 ஆயிரம் இன்னும் பாக்கி நிற்கும். தொடக்க ஆண்டுகளின் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுவதால் நேர்வது இது.

இந்நிலையில் மற்றொரு வங்கி 8 சதவிகிதத்துக்குத் தர முன்வருகிறது. எஞ்சிய 15 ஆண்டுகளுக்கே அக்கடனை மாற்றினால், தவணை சுமார் 25,270 ரூபாயாகும். முடிவில் ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் மிச்சம். இது மெய்யான ஆதாயம். ஆனால் வங்கி முகவரோ, "தவணை 22,115 ரூபாய்தான், மாதம் 3,900 ரூபாய் மிச்சம்!" என்பார். எவ்வாறு? காலத்தை மறுபடியும் 20 ஆண்டுகளாக்கி விடுவதால். பழைய கடனில் இனிக் கட்ட வேண்டியிருந்தது 46 லட்சத்து 86 ஆயிரம். புதிய ஏற்பாட்டில் கட்டப்போவது 53 லட்சத்துக்கும் மேல். வட்டி குறைந்தது, தவணையும் குறைந்தது, ஆனால் குடும்பம் கூடுதலாகக் கட்டுவதோ 6 லட்சம்! மகளின் கல்லூரிப் படிப்புக்கு ஆகும் தொகையை ஒரு புன்னகைக்கு ஈடாகக் கொடுத்துவிட்டோம் என்பது பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கும்.

ஆகவே, போட்டியிடும் வங்கிகளிடம் "தவணை எவ்வளவு?" என்று கேட்பது போதாது. எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு, வட்டி எதைச் சார்ந்து மாறும், வட்டியன்றி வேறென்ன செலவு என்று கேட்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக் கடன் கம்பெனிகளுக்கு அவ்விதி இல்லை. அவை தாமே வகுத்த அளவுகோலைக் கொள்ளலாம். எனவே இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கும்போது எச்சரிக்கை வேண்டும். பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், முத்திரைச் செலவு, கூடவே திணிக்கப்படும் இன்சூரன்ஸ் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பின்னரே மாறுவது நலம். மாறுவதற்கு முன் தம் சொந்த வங்கியிடமே வட்டியைக் குறைக்கக் கேட்பதும் நலம். புது மாப்பிள்ளைக்கு வைக்கும் விருந்தைப் பழைய மருமகனும் கேட்டுப் பெறலாம், கேளாதவனுக்குப் பழஞ்சோறே.

நம்மைப்போல் பிற மாநிலத்தில் குடியேறியவர்க்கு ஒரு வசதியையும் குறிப்பிட வேண்டும். 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் எதற்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையொன்றைக் கடன் வாங்குபவருக்கு விளங்கும் மொழியில் தந்து, விளக்கிச் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வீதம் அதில் இருக்கும். அதில் காணாத கட்டணத்தை நம் சம்மதமின்றி வாங்க முடியாது. மலையாளமோ ஆங்கிலமோ புரியாத பெரியவர்கள், "எங்களுக்குப் புரியும் மொழியில் தாருங்கள்" என்று கேட்கத் தயங்க வேண்டாம். இரண்டு மூன்று வங்கிகளின் அறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதே சிறந்த பேரம்.

இங்கே 'ஆதாரம்' என்று வழங்கும் கிரயப் பத்திரத்தையும் மறத்தலாகாது. ஈடு வைக்கும்போது ஒவ்வொரு தாளுக்கும் ரசீது பெறுக. கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தம் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்றும் 2023 டிசம்பர் முதல் விதி நடப்பில் உள்ளது.

சம்பளச் சீட்டு இல்லாத சகோதரர்களை, சலவைத் தொழிலாளரை, சிறு கடைக்காரரை, இப்போட்டி எளிதில் தேடி வராது. அவர்கள் இன்றே வரவைக் கணக்கில் செலுத்தி, வரி விவரம் தாக்கல் செய்து வந்தால், சில ஆண்டுகளில் அவர்கள் கதவையும் தட்டுவார்கள்.

வீடு என்பது நம் பிள்ளைகள் இம்மண்ணில் வேரூன்றும் இடம். அதற்காகக் கையொப்பமிடும் முன், அன்பர்களே, ஒரு மாலைப் பொழுதைக் கணக்குக்குக் கொடுங்கள். சங்கத்தில் கணக்கறிந்தவர் பலர் உளர். தாளோடு வந்து உட்காருங்கள். நான்கு பேர் பார்த்த கணக்கில் நட்டம் வருவது அரிது.