மண்ணுக்குள் யார் யாரைத் தின்கிறார்கள்?

விளைநிலத்து மண் ஒரு கிராம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும் என்பது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. உயிர் உரப் பொட்டலங்களின் மேல் அச்சாகியிருப்பதும் இத்தகைய ஓர் எண்ணிக்கைதான். எண்ணிக்கை கூடினால் வளம் கூடும் என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கை பாதிதான் சரி. அறுவடைத் தாளை மடக்கி உழுத கையோடு அடுத்த நடவு நட்ட வயலில் பயிர் சில காலம் வெளிறி நிற்பதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதைத் தின்று பெருகும் பாக்டீரியாவும் பூஞ்சையும் தங்கள் உடலைக் கட்டிக்கொள்ளத் தேவையான மீதித் தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மண்ணில் நுண்ணுயிர் பெருகிக் கிடக்கும் அதே நாட்களில்தான் பயிர் பட்டினி கிடக்கிறது. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் பூட்டு தொங்குகிறது. அந்தப் பூட்டைத் திறக்கிறவர்களில் முக்கியமானவர்கள் பாக்டீரியாவைத் தின்று வாழும் உயிர்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் மண்வளம் பேச முடியாது.

இந்தத் தின்னிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் செல் விலங்குகள்: உடலை நீட்டிச் சுருக்கி நகரும் அமீபாக்கள், சாட்டை போன்ற இழையை அடித்து நீந்தும் கசையிழை உயிர்கள், உடல் முழுக்க நுண்மயிர் கொண்ட குற்றிழை உயிர்கள். இவற்றைவிடப் பெரியவை நூற்புழுக்கள். நூற்புழு என்றதும் வேரைத் துளைக்கும் எதிரி என்றுதான் நினைக்கிறோம். மண்ணில் வாழும் நூற்புழுக்களில் பல வேரைத் தொடுவதே இல்லை, பாக்டீரியாதான் அவற்றின் உணவு. இவை அனைத்துமே மண்துகள்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் வாழும் நீர்வாழ் உயிர்கள்தான். மண் காய்ந்தால் அமீபா ஓர் உறைக்குள் சுருண்டு கிடக்கும். ஈரம் வந்ததும் வெளியே வந்து வேட்டையைத் தொடங்கும். வேட்டையிலிருந்து பயிருக்கு உரம் வரும் கணக்கு எளிது. பாக்டீரியாவின் உடலில் ஏறத்தாழ ஐந்து பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து உண்டு. தின்ற கரிமத்தில் கணிசமான பகுதியை அமீபா மூச்சாக வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சிய கரிமத்தைக் கொண்டு உடல் வளர்க்க அவ்வளவு தழைச்சத்து வேண்டியதில்லை. தின்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தழைச்சத்து அம்மோனியமாக வெளியே வருகிறது. வேர் கசியவிடும் சர்க்கரையை நாடி பாக்டீரியா வேரடியில்தான் கூடுகிறது. அதைத் தேடி அமீபாவும் அங்கேயே வருகிறது. ஆக, அம்மோனியம் வெளிப்படுவது வேரின் வாயருகில்.

நுண்ணுயிரைத் தின்கிறவன் மண்வளத்துக்குக் கேடு அல்லவா என்ற எதிர்வாதம் அற்பமானதல்ல. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் எட்வர்ட் ஜான் ரஸ்ஸலும் ஹட்சின்சனும் 1909இல் சொன்னது இதைத்தான். மண்ணைச் சூடாக்கினாலோ டொலுவீன் போன்ற வேதிப்பொருளை இட்டாலோ பாக்டீரியா முதலில் குறைந்து பிறகு முன்னைவிடப் பன்மடங்கு பெருகியது, அம்மோனியா கூடியது, பயிரும் செழித்தது. ஒற்றைச் செல் விலங்குகள் செத்தொழிந்ததால்தான் பாக்டீரியாவுக்கு விடுதலை கிடைத்து வளம் பெருகியது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அதே நிலையத்தில் கட்லரும் அவருடைய கூட்டாளிகளும் 1920–21இல் ஒரே வயலின் மண்ணை 365 நாட்கள் விடாமல் எண்ணினார்கள். தூங்கும் உறைகளையும் விழித்திருக்கும் அமீபாக்களையும் பிரித்தறிய, மாதிரியில் ஒரு பாதியை அமிலத்தில் இட்டார்கள். விழித்திருந்தவை மாண்டன, உறைகள் பிழைத்தன. அமீபா கூடிய நாட்களில் பெரும்பாலும் பாக்டீரியா குறைந்தது. இப்படி ஒரு வருடம் எண்ணுவதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும்! வேட்டை நடக்கிறது என்பதை அவர்கள் ஐயமின்றி நிறுவினார்கள். வேட்டை கேடு என்பது மட்டும் அதிலிருந்து தானாக வந்துவிடவில்லை.

சூடாக்கிய மண்ணில் அம்மோனியா எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை, அதே ராத்தம்ஸ்டெட்டில் ஜென்கின்சனும் பவுல்சனும் 1976இல் வெளியிட்ட ஆய்வுகளில் தெளிவாயிற்று. குளோரோஃபார்ம் ஆவியால் மண்ணுயிர்களைக் கொன்று, பிறகு சிறிது புதுமண் கலந்து வைத்தால், செத்த உடல்களைத் தப்பியவை தின்று கரியமில வாயுவையும் அம்மோனியத்தையும் வெளிவிடுகின்றன. அந்த அளவிலிருந்து மண்ணில் இருந்த உயிர்நிறையையே கணக்கிட முடிந்தது. 1909இல் பயிரை வளர்த்தது, பெரும்பாலும், கொல்லப்பட்ட நுண்ணுயிர்களின் உடலில் பூட்டியிருந்த தழைச்சத்துதான். வெப்பம் அதை ஒரே முறையில் பெருவாரியாகத் திறக்கிறது. அமீபா நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. சுவீடனில் மரியான் கிளார்ஹோல்ம் 1985இல் வெளியிட்ட கோதுமைச் சோதனையில், பாக்டீரியா மட்டும் இருந்த மண்ணைவிட ஒற்றைச் செல் விலங்குகளும் சேர்ந்திருந்த மண்ணில் பயிர் கூடுதல் தழைச்சத்தை எடுத்தது. ரஸ்ஸல் இங்கமும் கூட்டாளிகளும் அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு புல்வகையில் செய்த சோதனையில், பாக்டீரியாவைத் தின்னும் நூற்புழுக்கள் சேர்ந்த மண்ணிலும் அப்படியே நடந்தது. ஆனால் அந்தக் கூடுதல் தொடக்கக் கட்டத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. பூஞ்சையைத் தின்னும் நூற்புழுக்களால் அந்தப் பயன் கிடைக்கவும் இல்லை. எந்தத் தின்னியும் எந்த மண்ணிலும் நன்மை செய்யும் என்று இந்தச் சான்றைக் கொண்டு சொல்ல முடியாது.

இவை சட்டியிலும் குடுவையிலும் கண்டவை, வயலுக்குப் பொருந்துமா, யூரியா இருக்கும்போது அமீபாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வயலில் ஒவ்வொரு தின்னியின் பங்கையும் பிரித்தளப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அடையாளமிட்ட தழைச்சத்தைக் கொண்டு செய்த வயல் சோதனைகள் பல நாடுகளில் காட்டும் உண்மை ஒன்று உண்டு: தாராளமாக உரமிட்ட வயலிலும் பயிர் எடுக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு மண்ணிலிருந்தே வருகிறது. இட்ட யூரியாவில் நெற்பயிர் பெறுவது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மண்ணிலிருந்து வரும் பங்கு தானாக வருவதில்லை. உயிர்கள் ஒன்றையொன்று தின்று, செத்து, மட்கித்தான் வருகிறது.

இப்போது பொட்டலத்துக்குத் திரும்பலாம். அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாவை மண்ணில் இட்டால் அதன் எண்ணிக்கை விரைவாகச் சரிகிறது. உயிர்நீக்கம் செய்த மண்ணில் இட்டால் அவ்வளவு சரிவதில்லை. காரணங்களில் ஒன்று, அங்கே ஏற்கெனவே வாழும் தின்னிகள். ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தவை பிழைக்கின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் ரைசோபியம் என்ற பாக்டீரியாவோடு பெண்டோனைட் களிமண்ணைக் கலந்து இட்டபோது, தின்னிகள் நுழைய முடியாத நுண்துளைகளில் அது ஒதுங்கிக் கூடுதலாகத் தப்பியது. மக்கிய தொழுவுரத்தோடு கலந்து இடச் சொல்லும் நம் ஊர்ப் பரிந்துரைக்கும் இந்த வகையில் பொருள் உண்டு. உணவும் தங்குமிடமும் சேர்ந்தே போகின்றன. வெறும் மணலில் பொட்டலத்தைக் கொட்டினால் விருந்து யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மத்திய அரசு 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 அளவீடுகள் உண்டு. கார அமில நிலை, உப்பின் அளவு, பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள் எல்லாம் அதில் வரும். மண்ணுயிர்களுக்கென ஒரு வரிகூட இல்லை. அவற்றுக்குச் சோறு போடும் கரிமச்சத்து மட்டும் ஒரு வரியில் இருக்கிறது. அடுத்த முறை உயிர் உரம் வாங்கப் போகுமுன் அந்த வரியைப் பாருங்கள். அது குறைவு என்றால் முதல் செலவு தொழுவுரத்துக்கும் பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டு விதைக்கும் ஆகட்டும், பொட்டலம் பிறகு.