ரேலி காரின் வேகமும் ஒரு ரப்பர் விளிம்பும்

ரேலி பந்தயம் என்றால் இன்ஜினின் சக்தியைப் பற்றியும் டயரின் பிடிப்பைப் பற்றியும் ரசிகர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். முன் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் பிளேடு அந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை. காரிலுள்ள மிக மலிவான பாகங்களில் அது ஒன்று என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மழையும் சேறும் நிறைந்த ரேலியில் கார் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று கடைசியில் தீர்மானிப்பது அந்த ரப்பர் பட்டைதான் என்று உறுதியாகச் சொல்வேன். இன்ஜினில் எத்தனை குதிரைத் திறன் இருந்தாலும், கண்ணாடிக்கு அப்பால் பாதை தெரியாதபோது எந்த ஓட்டுநரின் காலும் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து மேலே வந்துவிடும்.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. சாலையில் ஓடும் கார்களின் வைப்பர், வேகமான நிலையில் நிமிடத்துக்குக் குறைந்தது 45 முறையாவது போய்த் திரும்ப வேண்டும் என்பது அமெரிக்க விதி. 60 முறை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு முறை போய்த் திரும்ப ஒரு நொடி. சேற்று நீர் கண்ணாடியை மூடும்போது, விளிம்பு கூர்மையாக உள்ள பிளேடு ஒரே வீச்சில் அதை வழித்துத் தள்ளிவிடும். தேய்ந்த பிளேடு மூன்று முறை போய்த் திரும்ப வேண்டியிருந்தால், கார் 80 மீட்டருக்கு மேல் அரைக்குருடாக ஓடுகிறது. காட்டுப் பாதையில் அந்தத் தூரத்துக்குள் இரண்டு வளைவுகள் வந்துவிடலாம். 2024ஆம் ஆண்டு சார்டீனியா ரேலியில் ஓட் டானக், செபாஸ்டியன் ஓஜியேவை 0.2 நொடியில் வென்றார். 2011இல் ஜோர்டான் ரேலியில் ஓஜியே மற்றொரு ஓட்டுநரான லாட்வாலாவை வென்றதும் அதே 0.2 நொடியில்தான். அந்த முடிவுகளுக்கு வைப்பர் காரணமல்ல. பல நாள் ஓட்டத்தின் முடிவை எவ்வளவு சிறிய தயக்கமும் மாற்றிவிடலாம் என்பதற்குத்தான் அவற்றைச் சொல்கிறேன்.

சுற்றுப்பாதைப் பந்தயத்திலும் மழை பெய்கிறதே, அங்கில்லாத முக்கியத்துவம் இங்கு மட்டும் ஏன் என்று கேட்கலாம். லெ மானில் ஒரு சுற்று 13 கிலோமீட்டருக்குச் சற்று மேல். வைப்பர் பழுதானால், சுற்றை முடித்துப் பிட்டுக்குள் நுழைந்ததும் மெக்கானிக்குகள் மாற்றிவிடுவார்கள். ரேலியில் அந்த வசதி கிடையாது. மெக்கானிக்குகள் வேலை செய்யும் சர்வீஸ் பார்க்குக்கு வெளியே காரில் கை வைக்க ஓட்டுநருக்கும் கோ டிரைவருக்கும் மட்டுமே அனுமதி, அதுவும் காரிலேயே சுமந்து வந்த பொருட்களைக் கொண்டுதான். கென்யாவில் நைவாஷா பக்கத்திலுள்ள கெடோங் ஸ்டேஜ், அதாவது நேரம் கணக்கிடப்படும் பாதைப் பகுதி, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் நீளமாக இருந்திருக்கிறது. அதன் ஐந்தாவது கிலோமீட்டரில் ரப்பர் கிழிந்தால், மிச்சப் பாதையைக் கிழிந்த ரப்பரோடுதான் கடந்தாக வேண்டும்.

இவ்வளவு பொறுப்பைச் சுமக்கும் பொருளோ மிக எளிதில் கெடக்கூடியது. பிளேடின் அடியில் உள்ள மெல்லிய ரப்பர் நாக்கு கண்ணாடியின் மேல் சாய்ந்தபடி இழுபடுகிறது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அது மறுபக்கம் மடங்கிச் சாய வேண்டும். நீரை வழிப்பதும் அதுதான், நழுவுவதற்கு ஒரு மெல்லிய நீர்ப்படலத்தைத் தனக்கு விட்டுவைத்துக்கொள்வதும் அதுதான். அந்தப் படலம் இல்லாவிட்டால் ரப்பர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அதிரும். கென்யாவின் சஃபாரி ரேலிப் பாதைகளில் ஃபெஷ்-ஃபெஷ் எனப்படும் மாவு போன்ற நுண்புழுதி ஆழமாகக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் அதே இடம் சேறாகிவிடும். காய்ந்த புழுதியின் மேல் வைப்பரை ஓட்டினால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும்: கண்ணாடியில் கீறல், ரப்பரில் வெட்டு. வெட்டு எவ்வளவு சிறியதானாலும், ஒவ்வொரு வீச்சிலும் அதே இடத்தில் துடைபடாத ஒரு கோடு நிற்கும். அந்தக் கோடு ஓட்டுநரின் கண்மட்டத்தில் விழுந்தால் அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஆகவே வைப்பரைப் பற்றிப் பேசும்போது வாஷர் தொட்டியை விட முடியாது. எடையைக் குறைக்க நினைக்கும் அணிக்குத் தண்ணீர் ஒரு சுமைதான். ஆனால் முதலில் நீரைப் பீய்ச்சி, பிறகு துடைத்தால்தான் ரப்பரும் பிழைக்கும், கண்ணாடியும் பிழைக்கும்.

வேகமும் பிளேடுக்கு எதிரிதான். எதிர்க்காற்று அதைக் கண்ணாடியிலிருந்து தூக்கப் பார்க்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் பட்டையாக அப்படியே தங்கிவிடும். ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டியோ, காற்றே பிளேடைக் கீழே அமுக்கும்படி அதன் முதுகில் ஒரு சிறு இறக்கையை வைத்தோ இதைச் சமாளிக்கிறார்கள்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு பேஸ் நோட் எனப்படும் பாதைக் குறிப்பிலிருந்து வருகிறது. ஒவ்வொரு வளைவையும் கோ டிரைவர் முன்கூட்டியே படித்துச் சொல்லும்போது ஓட்டுநர் காதால்தானே ஓட்டுகிறார் என்பார்கள். பாதி உண்மை. பந்தயத்துக்கு முன் மெதுவாக ஓட்டிப் பார்த்து எழுதிய குறிப்பில் வளைவு இருக்கும். முன்னே போன கார் இழுத்துப் போட்ட கல்லும், பத்து நிமிடத்துக்கு முன் தேங்கிய நீரும், ஆழமாகிவிட்ட சக்கரத் தடமும் அதில் இருக்காது. கேட்பதை எந்தக் கணத்தில் செய்வது என்று முடிவெடுக்கவும் கண் வேண்டும். நீரை ஒட்டவிடாத பூச்சு போதுமே என்ற இன்னொரு மறுப்பு, வேகமாகப் போகும்போது பெய்யும் சுத்தமான மழைக்கு மட்டுமே பொருந்தும். கொண்டை ஊசி வளைவில் கார் தவழும்போது நீர்த்துளியை விரட்டக் காற்று இல்லை. சேறோ எந்தப் பூச்சின் மேலும் அப்பிக்கொள்ளும்.

வைப்பரால் முடியாதவையும் உண்டு. வேல்ஸ் காடுகளின் மூடுபனியும் காற்றில் தொங்கும் புழுதியும் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவை. புழுதிக்கு அமைப்பாளர்கள் கார்களுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டுகிறார்கள். கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவிக்கு, கண்ணாடிக்குள்ளேயே பதித்த மெல்லிய சூடேற்றும் கம்பிகள் வேலை செய்கின்றன. ஸ்வீடன் ரேலியில் அந்தச் சூடு வைப்பருக்கும் உதவுகிறது. கடுங்குளிரில் ரப்பர் விறைத்தால் நாக்கு மடங்காது. பனிக்கரையில் உரசும் கார் வாரி இறைக்கும் பனி பிளேடில் கட்டியாகிவிடும். அதனால்தான் இரண்டு ஸ்டேஜ்களுக்கு இடைப்பட்ட சாலைப் பயணத்தில் காரை நிறுத்தி, பிளேடைத் தூக்கி ரப்பர் விளிம்பைத் துடைப்பதும் வீரர்களின் வேலையாகிறது. டயரின் காற்றழுத்தத்தைப் பார்ப்பதற்கு ஈடான வேலை அது.