கதவு தானே மூடவேண்டும்

மாடி வீடு கட்டுகிறவன் கைப்பிடிச்சுவரும் கட்டவேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். உபாகமம் 22-ம் அதிகாரத்தில் காண்கிறோம். வீடுகளில் நீச்சல் குளம் வைத்திருப்போருக்காக ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1992-ல் இயற்றிய சட்டமும் அவ்வகையே.

30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடிய குளமானால், காற்றடைத்து வைக்கும் பிளாஸ்டிக் குளமானாலும், வேலி வேண்டும். உயரம் குறைந்தது 1.2 மீட்டர். கம்பிகளுக்கு நடுவிலும் அடியிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி ஆகாது. நடை பழகும் பிள்ளையின் தலை அதில் நுழையாது.

ஆனாலும் வேலியைவிடக் கதவைக் குறித்தே நாங்கள் அதிகம் சொல்ல விரும்புகிறோம். அது குளத்தை விட்டு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். வெளியிலிருந்து பிள்ளை தள்ளினால் இன்னும் இறுக மூடும். கைவிட்டவுடன் தானே மூடி, தானே தாழிட்டுக்கொள்ளவும் வேண்டும். விருந்தாளிகளின் வசதிக்காக நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைப்பவர்கள் உண்டு. சட்டப்படி அது குற்றம். வேலியோரம் பூந்தொட்டி வைப்பதும் பிள்ளைக்கு ஏணி வைப்பதுபோலத்தான்!

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. அடுப்படியில் நிற்கும் தாய்க்கு ஒன்றும் கேட்காது. கண் தவறும் அந்த இரண்டொரு நிமிடத்துக்காகவே இக்கதவு. அதையும் மீறி நேர்ந்துவிட்டால், நின்ற மூச்சை மீட்க முதலுதவி செய்யும் முறையை விளக்கும் பலகை ஒன்றும் குளத்தருகே தொங்கவேண்டும்.