ரத்தநாளத்துக்கும் உணவு வேண்டும்!

அறுவை சிகிச்சை என்றவுடன் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, 'என்ன சாப்பிடக் கூடாது?' என்பதுதான். 'என்ன சாப்பிட வேண்டும்?' என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. முட்டை கொடுத்தால் சீழ் பிடிக்கும், மீன் கொடுத்தால் புண் ஆறாது, பருப்பு கொடுத்தால் வாயு சேரும் என்று ஒவ்வொன்றாக விலக்கப்பட்டு, கடைசியில் நோயாளியின் தட்டில் ரசம் சோறும் சுட்ட அப்பளமும் மட்டுமே மிஞ்சுகின்றன. ரத்தநாள அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, அதிலும் குறிப்பாகச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, இந்தப் பத்தியம் நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்கிறது. ரத்தநாள அறுவை மருத்துவர் என்ற முறையில் இதை நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி நிலம் ஒருபுறம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் மறுபுறம். இரண்டிலும் உடலுழைப்பே வருமானம். 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து, 2007-இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. முன்பைவிட டயாலிசிஸ் வசதி இன்று வீட்டுக்கு அருகில் வந்துவிட்டது. ஆனால், டயாலிசிஸுக்கு வழி அமைக்கும் ரத்தநாள அறுவை சிகிச்சைக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ பேருந்து ஏறுவோர் இன்னும் பலர். அறுவை செய்யும் இடம் ஒன்று, டயாலிசிஸ் செய்யும் இடம் வேறு, சமைக்கும் இடம் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் இடையில் உணவு பற்றிய அறிவுரை தொலைந்துபோகிறது.

டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்குச் சுமார் 300 மி.லி. ரத்தத்தை உடலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறது. கையில் சாதாரணமாகத் தெரியும் சிரைகளில் அவ்வளவு ரத்தம் ஓடுவதில்லை. இதற்குத் தீர்வு கண்டவர்கள் நியூயார்க்கில் பணியாற்றிய பிரெசியா, சிமினோ, ஆப்பெல் ஆகியோரின் குழுவினர். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் முறையை 1966-இல் அவர்கள் வெளியிட்டனர். 'ஃபிஸ்டுலா' என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். அறுபது ஆண்டுகள் ஆன பிறகும் டயாலிசிஸ் நோயாளிகள் பெரும்பாலோருக்கு இதுவே முதல் தேர்வு.

இந்த இணைப்பைப் போட்டவுடன் பயன்படுத்த முடியாது. மிகக் குறைந்த அழுத்தத்துக்கே பழகிய மெல்லிய சிரை, தமனியின் வேகமான ரத்தத்தைத் தாங்கும் அளவுக்கு விரிந்து, சுவர் தடிக்க வேண்டும். சுமார் 6 மி.மீ. அகலமும், நிமிடத்துக்கு 600 மி.லி. அளவு ரத்த ஓட்டமும் வந்தால்தான் அது முதிர்ந்ததாகக் கருதுகிறோம். இதற்கு ஆறு வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். தையல் போடுவது மட்டுமே என் வேலை. சிரையின் சுவரைக் கட்டியெழுப்புவது நோயாளியின் உடல். கொத்தனார் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், செங்கல்லும் சிமென்டும் வராவிட்டால் சுவர் எழும்பாது. உடலுக்கு அந்தச் செங்கல் புரதம்.

ஃபிஸ்டுலா முதிராவிட்டால் கழுத்துச் சிரையில் குழாய் பொருத்தித்தான் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அந்தக் குழாய், கிருமிகள் நேரடியாக ரத்தத்துக்குள் நுழைவதற்கான வாசல். குளிர்காய்ச்சலுடன் தொடங்கும் அந்தத் தொற்று இதய வால்வு வரை பரவி உயிரைப் பறிக்கக்கூடும். குழாய் நெடுநாள் இருந்தால் மார்புக்குள் உள்ள பெரிய சிரைகள் சுருங்கி, பின்னாளில் அதே பக்கக் கையில் ஃபிஸ்டுலா அமைக்கும் வாய்ப்பும் குறையும். மனிதருக்கு இருப்பவை இரண்டு கைகள்தாம். ஒவ்வொரு தோல்வியும் ஓர் இடத்தை இழக்கச் செய்கிறது.

இங்கேதான் பத்தியம் குறுக்கே நிற்கிறது. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும் காலத்தில், 'புரதத்தைக் குறையுங்கள்' என்று மருத்துவர்கள் சொல்வது சரியே. அப்போது உடல் எடையில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் வரை போதும். டயாலிசிஸ் தொடங்கியதும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது, தேவை 1.0 முதல் 1.2 கிராம் வரை உயர்கிறது. காரணம், இயந்திரம் கழிவை மட்டும் வெளியேற்றுவதில்லை. ஒவ்வொரு முறையும் சுமார் 6 முதல் 8 கிராம் வரை, புரதத்தின் மூலக்கூறுகளான அமினோ அமிலங்களும் கழிவு நீரோடு போய்விடுகின்றன. ஒரு முட்டையில் உள்ள புரதம் ஏறத்தாழ 6 கிராம். அதாவது, ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் ஒரு முட்டைக்குச் சமமான சத்தை நோயாளி இழந்துவிட்டே வீடு திரும்புகிறார். அந்த வீட்டில் முட்டைக்குத் தடை!

'டாக்டர் அன்னிக்குச் சொன்னதிலிருந்து முட்டை, மீன் எதையும் தொடுறதில்லைங்க' என்று பெருமையோடு சொல்லும் நோயாளிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். 'அன்று' என்பது டயாலிசிஸுக்கு முன்பு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நாள். விதி மாறிவிட்டது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. குற்றம் அவருடையது அன்று.

கணக்கைத் தட்டில் வைத்தே பார்க்கலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 கிராம் புரதம் வேண்டும். நாள் முழுவதும் 300 கிராம் அரிசியைச் சோறாக்கி உண்டால் சுமார் 20 கிராம் கிடைக்கும். சாம்பாரில் உள்ள பருப்பிலிருந்து ஒரு 6 கிராம். ரசத்தில் குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை. ஆக, தேவையில் பாதிதான் நிறைவேறுகிறது. இத்துடன் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, 100 கிராம் மீன், ஒரு சிறு கிண்ணம் தயிர் ஆகியவற்றைச் சேர்த்தால் குறை ஏறத்தாழ நீங்கிவிடும். சைவ உணவினர் பயறு, பனீர், சோயா ஆகியவற்றை அளவறிந்து சேர்க்கலாம். விளம்பரங்களில் வரும் விலையுயர்ந்த ஊட்டச்சத்து மாவை, மருத்துவர் கேட்டுக்கொண்டால் தவிர, தேடிப்போக வேண்டியதில்லை.

சத்துக் குறைவு எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது மற்றொரு சிக்கல். தசை கரைந்தாலும் உடலில் தேங்கும் நீர் அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. எடைப் பொறியில் எண் மாறுவதில்லை. தோள்பட்டை எலும்பு துருத்துவதும், கைப்பிடியின் வலு குறைவதும், வழக்கமாகத் தூக்கும் தண்ணீர்க் குடம் கனப்பதும்தான் அடையாளங்கள். ரத்தத்தில் ஆல்புமின் அளவு 3.5 கிராமுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஃபிஸ்டுலா தோல்வி, தொற்று, புண் ஆறாமை ஆகியவை அதிகம் காணப்படுவதாக ஆய்வுகள் பல கூறுகின்றன. ஆல்புமின், உடலில் உள்ள அழற்சியாலும் குறையும். எனவே அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதும், உணவை மாற்றினால் எல்லா ஃபிஸ்டுலாவும் வெற்றி பெறும் என்று வாக்களிப்பதும் தவறு. ரத்தநாளத்தின் அளவு, நீரிழிவு, வயது ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆனால், அவற்றில் பலவற்றை நம்மால் மாற்ற முடியாது. தட்டை மாற்ற முடியும்.

முதிர்ந்த ஃபிஸ்டுலாவைக் காப்பதிலும் சமையலறைக்குப் பங்கு உண்டு. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பு தாகத்தைக் கூட்டும். குடித்த நீர் உடலில் தேங்கும். அடுத்த டயாலிசிஸில் அந்த நீரை நான்கு மணி நேரத்துக்குள் அவசரமாக உறிஞ்சும்போது ரத்த அழுத்தம் சரியும். அழுத்தம் சரிந்தால் ஃபிஸ்டுலாவில் ஓட்டம் மந்தமாகி, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். நேற்று வரை கையில் 'கிர்' என்று அதிர்ந்துகொண்டிருந்த நாளம் இன்று காலை அடங்கிவிட்டது என்று ஓடி வருபவர்களில் சிலருக்குக் காரணம், முந்தைய நாள்களில் உண்ட உப்புதான்.

புரதம் வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் தாராளமாக உண்ணலாம் என்று பொருளன்று. நோயாளியைப் பார்க்க வருபவர்கள் அன்போடு கொண்டுவரும் இளநீரிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். அரியலூர் மாவட்டத்தில் விளையும் முந்திரியில் பொட்டாசியத்துடன் பாஸ்பரஸும் உண்டு. பாஸ்பரஸ் மிகுந்தால் ரத்தநாளச் சுவரில் சுண்ணாம்பு படியும். அந்த நாளத்தில் தையல் போடுவதே கடினம். முட்டையின் வெள்ளைக்கருவை நாங்கள் பரிந்துரைப்பதற்குக் காரணம், அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு என்பதே. காய்களை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். எது எவ்வளவு என்பதை அவரவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கால் ரத்தநாள அடைப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கும் இதே பாடம் பொருந்தும். நீரிழிவால் புண்பட்ட காலுக்கு மாற்றுப் பாதை அமைத்து ரத்தத்தைக் கொண்டுசேர்த்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த ரத்தம் சத்தைச் சுமந்து வராவிட்டால் புண் மூடாது. ஆறாத புண்ணிலிருந்து கசியும் நீரோடும் புரதம் வெளியேறுகிறது. சர்க்கரைக்கு அஞ்சி வெறும் கஞ்சியையே குடிப்பவருக்குக் கிடைப்பது மாவுச்சத்து மட்டுமே; சர்க்கரையும் ஏறும், புண்ணும் ஆறாது. விரலோடு நிற்க வேண்டிய இழப்பு முழங்கால் வரை போவதற்கு இதுவும் ஒரு காரணம். வயல் வேலைக்கும் ஆலை வேலைக்கும் கால்களையே நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அந்த இழப்பின் பொருள் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அறுவைக்குப் பிறகு தொடங்குவதைவிட, முன்பே தொடங்குவது நல்லது. கடுமையான சத்துக் குறைவு உள்ளவருக்கு, அவசரம் இல்லையெனில், அறுவையை ஒன்றிரண்டு வாரங்கள் தள்ளிவைத்தாவது உடலைத் தேற்ற வேண்டும் என்பது இன்று உலக அளவில் ஏற்கப்பட்ட நெறி.

அரசு செய்யக்கூடியவையும் உண்டு. டயாலிசிஸ் செலவை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. இயந்திரத்துக்கும் ஊசிக்கும் செலவிடும் நாம், அந்த நான்கு மணி நேரத்தில் நோயாளிக்கு ஒரு முட்டை கொடுப்பதைப் பற்றியும் சிந்திக்கலாம். சிலருக்கு இடையில் உண்டால் ரத்த அழுத்தம் குறையும்; அவர்களுக்கு முடிந்த பிறகு கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகளின் சத்துணவில் முட்டை தந்து நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. முட்டைக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லும் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் டயாலிசிஸ் பிரிவுகளில் உணவியல் வல்லுநரின் ஆலோசனை மாதம் ஒரு முறையேனும் கிடைக்க வேண்டும். 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள், மாத்திரையோடு சேர்த்து, 'நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்றும் கேட்கலாம். அறுவை செய்யும் நாங்களும் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் மருந்துகளின் கீழே உணவையும் தமிழில் எழுதித் தர வேண்டும்.

பத்தியம் என்ற சொல்லுக்கு, நோய்க்கு ஏற்ற உணவு என்பதே பொருள். உணவை விலக்குவது அதில் ஒரு பகுதிதான். நாம் அந்தப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். அறுவை முடிந்து ஒருவர் வீடு திரும்பும்போது, எதை நிறுத்த வேண்டும் என்று கேட்கும் அதே அக்கறையோடு, எதைக் கொடுக்க வேண்டும் என்றும் குடும்பத்தார் மருத்துவரிடம் கேட்கட்டும்.