4கே திரையும் பத்தடி தூரமும்

தொலைக்காட்சிப் படம் பிக்சல் எனப்படும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. அகலத்திலும் உயரத்திலும் அப்புள்ளிகள் எத்தனை என்ற கணக்கே தெளிவுத்திறன் எனப்படுகிறது. முழு எச்.டி. திரையில் 1920-க்கு 1080 என ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகளும், 4கே திரையில் அதைப்போல் நான்கு மடங்காக 83 லட்சம் புள்ளிகளும் உள்ளன. இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை திரையின் அளவைச் சொல்கின்றனவே தவிர, பார்ப்பவர் கண்ணின் அளவைச் சொல்வதில்லை.

அடுத்தடுத்த இரு புள்ளிகள் கண்ணில் உண்டாக்கும் கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைந்தால், இயல்பான பார்வை அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறியாது. கண் மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதிப்பதும் இந்த அளவுகோலைக் கொண்டுதான். 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர் என்பதால், ஐந்தரை அடிக்கு அப்பால் புள்ளிகள் கலந்து ஒரே படமாகிவிடுகின்றன; 55 அங்குலத்தில் அந்த எல்லை ஏழு அடி. இளையோர் சிலரின் கண் இதைவிடக் கூர்மையாக இருக்கலாம் என்றாலும், நாற்காலியைச் சுவரோரம் போட்டு ஒன்பது, பத்தடி தள்ளி அமரும் வீட்டில் கூடுதல் புள்ளிகளில் பெரும்பகுதி வீணே.

தூரத்தைவிடப் பெரிய தடை, திரைக்கு வந்துசேரும் படத்திலேயே இருக்கிறது. கேபிளிலும் டி.டி.எச்.சிலும் வரும் சாதாரண அலைவரிசைகள் 576 வரிகளைக் கொண்டவை. அத்தகைய படத்தை 4கே திரை காட்டும்போது இருபது புள்ளிகளில் ஒன்றுக்கே உண்மையான தகவல் இருக்க, மற்றவற்றைத் தொலைக்காட்சியின் சில்லு அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. ஊகம் பிசகினால் முகங்கள் மெழுகு பூசியவைபோல் தோன்றும். மெய்யான 4கே படம் பெரும்பாலும் இணையவழித் தளங்களில்தான், அதுவும் பலவற்றில் உயர்கட்டணத் திட்டத்தில் கிடைக்கிறது. நெட்ஃபிலிக்ஸ் இதற்கு நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தைப் பரிந்துரைக்கிறது. திரையரங்குகள் பலவற்றில் இன்றும் ஓடுவது 2048-க்கு 1080 அளவிலான 2கே படமே. அத்தனை பெரிய வெண்திரையில் அதைப் பார்த்து மக்கள் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இருப்பினும், 43 அங்குலமும் அதற்கு மேலுமான திரைகளில் இப்போது பெரும்பாலானவை 4கேயாகவே வருவதால், அதைத் தவிர்க்க முயல்வதில் பயனில்லை. அந்த எண்ணுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதே தேவையற்றது. ஆறடியில் அமர்ந்து 65 அங்குலத் திரையைப் பார்ப்பவருக்கும், திரையைக் கணினிக்குப் பயன்படுத்துபவருக்கும் 4கேயின் பயன் தெளிவாகவே புலப்படும். 3.3 கோடி புள்ளிகள் கொண்ட 8கேயோ, ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 2018 டிசம்பரிலேயே அதில் ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தும், இந்திய வீடுகளுக்கு ஒளிபரப்பே இல்லாத ஆடம்பரம்.

பத்தடிக்கு அப்பாலும் கண் உணர்வது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டையும் நிறங்களின் படிநிலையையும்தான். எச்.டி.ஆர். என்னும் முறை இவற்றை விரிவாக்குவது. ஆனால் மலிவான திரைகள் அந்தச் சமிக்ஞையை ஏற்றுக்கொண்டாலும், அதைக் காட்டப் போதிய வெளிச்சமின்றித் திணறுகின்றன. கடையில் ஓடும் மாதிரிப் படமோ 4கேயில் எடுக்கப்பட்டு, இரண்டடியில் நிற்பவருக்காக வெளிச்சம் கூட்டிவைக்கப்பட்டது. வீட்டில் பார்க்கும் வழக்கமான அலைவரிசையைப் போடச் சொல்லிப் பத்தடி பின்னால் நின்று பார்த்தால், விலைச்சீட்டில் இல்லாத வேறுபாடுகள் தெரியவரும்.