கரும்பலகை ஒன்று; கூலியோ நால்வகை!

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை வகுத்தனர் நம் நாட்டார். தெய்வத்துக்கும் முன்னாலே ஆசான்! கேட்கச் செவிக்கு இனிக்கிறது. படியளக்கும் வேளையிலே பார்த்தாலோ வரிசை தலைகீழ்! தெய்வத்துக்கு வேளை தவறாத படையல். ஆசானுக்கு, 'கோப்பு பரிசீலனையில் இருக்கிறது' என்ற பதில்! 'வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை' என்று இன்னொரு மொழியையும் கையிருப்பிலே வைத்திருக்கிறது அதே நாடு. புகழ வேண்டுமானால் முதல் மொழி. ஊதியம் பேச வேண்டுமானால் இரண்டாம் மொழி!

செப்டம்பர் 5 வந்துவிட்டால் மாலை என்ன, மேடை என்ன, விருது என்ன! மாலை மறுநாள் வாடிவிடும். மளிகைக் கடைக் கணக்கு வாடுமா, தோழர்களே?

அரசுப் பள்ளி ஆசிரியர் உழைப்புக்கேற்ற ஊதியம் பெறுகிறாரா என்று கேட்கிறார்கள். கேள்வி எளியது. பதில் சொல்லப் புகுந்தால்தான் சிக்கல் தெரிகிறது. 'எந்த ஆசிரியர்?' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது! ஒரே கூரை, ஒரே கரும்பலகை, ஒரே பாடநூல். ஆனால் அந்தக் கரும்பலகையிலே எழுதும் கைகளுக்குத் தமிழ்நாடு தந்த கூலி நால்வகை. அந்த நால்வகைக் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

தமிழ்நாட்டிலே ஜூன் முதல் நாள் ஆசிரியருக்கு ஏற்றம் தந்த நாள். 1981 ஜூன் 1: ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆயினர். 1988 ஜூன் 1: மத்திய அரசு ஊழியருக்கு இணையான ஊதியம் என்ற கொள்கை அந்த நாளிலிருந்து நடப்புக்கு வந்தது. 2006 ஜூன் 1: மூவாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்திலே வாடிய இடைநிலை ஆசிரியர்கள், தங்களைப் போன்றே வாடிய மற்ற ஆசிரியர்களோடு, காலமுறை ஊதியத்துக்கு வந்தனர். அப்படிப்பட்ட ஜூன் முதல் நாள்தான் 2009-ஆம் ஆண்டு வேறொரு முகம் காட்டியது!

அன்றுதான் ஆறாவது ஊதியக் குழுவையொட்டி நிதித்துறையின் 234-ஆம் எண் அரசாணை பிறந்தது. முதல் வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு அ, ஆ கற்றுத் தரும் இடைநிலை ஆசிரியர் அதுவரை 4,500 ரூபாய் அடிப்படை ஊதியத்திலே பணியில் சேர்ந்தார். புதிய ஆணைப்படி, ஏற்கெனவே பணியில் இருந்தவருக்கு அந்த 4,500-ஐ 1.86 ஆல் பெருக்கினார்கள், 8,370 வந்தது. தர ஊதியம் 2,800 சேர, 11,170. நல்லது. ஜூன் முதல் நாளும் அதன் பிறகும் பணியில் சேர்ந்தவருக்கு? பெருக்க எதுவும் இல்லையாம்! ஊதியக் கட்டின் அடிமட்டமான 5,200, அதனோடு 2,800. ஆக 8,000. மே 31 வரை வந்தவருக்கு 11,170. மறுநாள் வந்தவருக்கு 8,000! வேறுபாடு 3,170 ரூபாய்!

படிப்பு குறைவா? இல்லை. பாடம் குறைவா? இல்லை. பிள்ளைகள் குறைவா? இல்லை. நாட்காட்டியிலே ஒரு தாள் கிழிந்தது, அவ்வளவே குற்றம்!

புதிதாக வருவோருக்கு இப்படி ஒரு பள்ளம் விழும் என்று மத்திய அரசுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நேரடியாகப் பணியில் சேர்வோருக்கெனத் தனித் தொடக்க ஊதியம் வகுத்தார்கள். இங்கே அந்தப் பள்ளத்தைத் தூர்க்கவில்லை. அதுமட்டுமா? மத்திய அரசுப் பள்ளியின் தொடக்க வகுப்பு ஆசிரியரை 9,300 - 34,800 என்ற கட்டிலே, 4,200 தர ஊதியத்தோடு உட்கார வைத்தார்கள். அதுவரை அவரோடு சரிநிகராக நின்ற நம் ஆசிரியரை 5,200 - 20,200 என்ற கட்டிலே கீழே இறக்கினார்கள். 1988-இலே கட்டிய பாலம் 2009-இலே உடைந்தது!

3,170 தானே என்று எண்ணிடாதீர். ஊதியத்தில் விழும் பள்ளம் வட்டிக் கடன் போன்றது, தானாகவே வளரும். 2017-இலே ஏழாவது ஊதியக் குழுவின் பயனைத் தந்தபோது பழைய ஊதியத்தை 2.57 ஆல் பெருக்கினார்கள். 3,170-ஐ 2.57 ஆல் பெருக்கிப் பாருங்கள்: 8,146 ரூபாய் 90 காசு! இதன்மேல் பஞ்சப்படி ஏறும், ஆண்டு உயர்வு ஏறும், வீட்டு வாடகை ஏறும். அந்த முறையிலே இடைநிலை ஆசிரியரின் ஏணிக்கு முதற்படி 20,600 ஆயிற்று. அதே வேலைக்கு மத்திய அரசுப் பள்ளியிலே முதற்படி 35,400!

இதிலே இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பிந்தி வந்தவர் தகுதி குறைந்தவர் என்றாவது சொல்ல முடியுமா? அவருக்குத்தான் தகுதித் தேர்வு என்ற சல்லடை வந்தது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டிலே நடந்த முதல் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதினர். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அத்தனை நெருக்கமான சல்லடையிலே தேறி வந்தவருக்குக் குறைந்த கூலி. சல்லடையே இல்லாத காலத்தில் வந்தவருக்குக் கூடுதல் கூலி! முன்னவரின் ஊதியத்தைப் பறிக்கச் சொல்லவில்லை நாம். பின்னவருக்கு ஏன் பறித்தீர் என்றுதான் கேட்கிறோம்.

மூன்றாம் வகைக்கு வருவோம். 2012-இலே 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி, கணினி கற்றுத் தருவோர். வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். ஆண்டுக்கணக்கில் மே மாதம் அவர்களுக்கு ஊதியமில்லா மாதமாகவே கழிந்தது. வயிற்றுக்குக் கோடை விடுமுறை உண்டென்று யார் சொன்னார்களோ! 5,000 என்பது 2014-இலே 7,000 ஆயிற்று, 2017-இலே 7,700, 2021-இலே 10,000. பத்தாண்டுக் காலம் படியேறி வந்து சேர்ந்த இடம் அது!

1953-இலே பிள்ளைகளுக்கு அரை நாள் படிப்பு என்றொரு திட்டம் வந்தது. நாடு கொதித்தது. 1954-இலே திட்டம் போன இடம் தெரியவில்லை. 2012-இலே அரை நாள் ஆசிரியர் வந்தாரே, அப்போது கொதித்தோமா? படத்துக்கும் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் அரை ஆசிரியர் போதும் என்று, ஏழையின் பிள்ளைக்கு மட்டும் எப்படித் தீர்ப்பளித்தார்கள்?

நான்காம் வகை 2022-இலே வந்தது. அரசுப் பள்ளிகளிலே 13,331 இடங்கள் காலி. பள்ளி மேலாண்மைக் குழு வாயிலாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்க என்றனர். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500. பட்டதாரி ஆசிரியருக்கு 10,000. முதுகலை ஆசிரியருக்கு 12,000. பட்டதாரி ஆசிரியர் முறைப்படி பணியில் சேர்ந்திருந்தால் அடிப்படை ஊதியம் மட்டுமே 36,400! 7,500-ஐ 25 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 300 ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாட்டிலே நூறு நாள் வேலைக்கு நாட்கூலி 281. மண் சுமந்த தாய்க்கு 281 போதும் என்று நாம் சொல்லமாட்டோம். அதுவும் உயர வேண்டிய கூலியே. அந்தத் தாயின் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருபவரையும் அந்த மட்டத்துக்கே இறக்கிவிட்டோமே என்பதுதான் நம் கேள்வி.

எந்த ஆட்சியிலே என்று விரல் நீட்டிக் கணக்குத் தீர்க்க வரவில்லை நாம். 2003-இலே தொகுப்பூதியம் தந்தது ஓர் ஆட்சி. 2009-இலே பள்ளம் விழவிட்டது மற்றோர் ஆட்சி. 2012-இலே மீண்டும் முன்னது. 2022-இலே மீண்டும் பின்னது. நாற்காலி மாறியது, நாற்கூலி மாறவில்லை!

இனி, பாட்டாளித் தோழரின் மனத்திலே உள்ளதையும் பேசிவிடுவோம். 'வாத்தியார்களுக்கு என்ன குறை? வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டுக்கு ஒரு மாதம் லீவு, மாதம் பிறந்தால் சம்பளம். நான் நூற்பாலையிலே இரவும் பகலும் நிற்கிறேன், எனக்கென்ன கிடைக்கிறது?' நியாயமான ஆத்திரம். ஆண்டு பல பணியாற்றிய நிரந்தர ஆசிரியர் நல்ல ஊதியம் பெறுகிறார், மறைக்க வேண்டியதில்லை. அப்படிப் பெறுபவர் வகுப்பைப் புறக்கணித்தால் தட்டிக் கேட்க நமக்கு உரிமையுண்டு. தன் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நம் பிள்ளையைப் பாராமுகமாய் நடத்தினால், கேட்பது உரிமை மட்டுமல்ல, கடமை!

ஆனால், தோழரே, உம்முடைய ஆலையை எண்ணிப் பாரும். நிரந்தரத் தொழிலாளி ஒருவர், பதிலி ஒருவர், கான்ட்ராக்ட் ஆள் ஒருவர். மூவரும் ஒரே எந்திரத்தில், மூவருக்கும் மூன்று கூலி. 'அவனுக்குக் கூட, எனக்குக் குறைவு' என்று உங்களுக்குள் முணுமுணுக்க வைத்துவிட்டு, முதலாளி நிம்மதியாக உறங்குகிறான். அதே சூத்திரத்தைத்தான் அரசு பள்ளிக்கூடத்திலே போட்டுப் பார்த்தது. ஆலை வாசலிலே நீர் எதிர்க்கும் அநீதி, பள்ளி வாசலிலே வந்தால் மட்டும் சிக்கனம் ஆகிவிடுமா?

ஆசிரியர்கள் கேட்காமல் இருந்தார்களா? கேட்டார்கள். 2003 ஜூலையிலே அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தபோது ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அந்த ஆகஸ்டிலே, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 2018 டிசம்பரிலே இடைநிலை ஆசிரியர்கள் சென்னையிலே குடும்பத்தோடு உண்ணாமலிருந்தனர். மயங்கி விழுந்தோர் மருத்துவமனைக்குச் சென்றனர். 2021 தேர்தலில் ஆட்சியைப் பிடித்த கட்சியின் அறிக்கையிலே சம வேலைக்குச் சம ஊதியம் 311-ஆம் வாக்குறுதியாக இடம்பெற்றது. 2022 டிசம்பரிலே மீண்டும் உண்ணாநிலை. 2023 ஜனவரியிலே மூவர் குழு. செப்டம்பரிலே மறுபடியும் உண்ணாநிலை. அக்டோபரிலே காவல்துறை வண்டி! பட்டினி கிடந்தவர் எழுந்தார், அமர்ந்தார், எழுந்தார். கோப்பு மட்டும் எழவே இல்லை!

2016 அக்டோபரிலே அதே உச்ச நீதிமன்றம், பஞ்சாப் வழக்கிலே, தற்காலிக ஊழியரும் நிரந்தர ஊழியரின் வேலையையே செய்தால் அந்தப் பதவியின் தொடக்க ஊதியத்துக்கு உரியவர் என்றது. போராட உரிமையில்லை என்ற 2003 தீர்ப்பை மனப்பாடம் செய்த கோட்டைக்கு, 2016 தீர்ப்பு மட்டும் மறந்துவிட்டது! 2019-இலே பீகார் ஒப்பந்த ஆசிரியர் வழக்கிலே தீர்ப்பு ஆசிரியருக்குப் பாதகமாக வந்ததையும் நாம் மறைக்கவில்லை. நீதிமன்றம் சட்டம் பார்க்கும். மக்கள் மன்றம் நியாயம் பார்க்க வேண்டும்.

'நியாயம் சரி, நிதி எங்கே?' என்பார்கள். கணக்குக்கு வருவோம். 2009-இன் பள்ளத்தில் விழுந்த ஆசிரியர் ஏறத்தாழ 20,000 பேர் என்று ஆசிரியர் அமைப்புகள் சொல்கின்றன. ஒருவருக்கு மாதம் 8,147 வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 196 கோடி. பஞ்சப்படியும் ஆண்டு உயர்வும் சேர்ந்து மும்மடங்கே ஆகட்டும், 600 கோடிக்குள்தான். 2025-26 நிதிநிலை அறிக்கையிலே பள்ளிக் கல்விக்கு ஒதுக்கிய தொகை 46,767 கோடி. நூறு ரூபாயிலே ஒன்றேகால் ரூபாய்! அந்த ஒன்றேகால் ரூபாய்க்காகவா இத்தனை ஆண்டு இழுபறி?

இவ்வளவும் ஆசிரியருக்காக மட்டும் பேசவில்லை நாம். அந்தப் பள்ளியிலே படிப்பது யார் பிள்ளை? கோடீசுவரன் பிள்ளையா? மூட்டை தூக்குபவர் பிள்ளை, தறி ஓட்டுபவர் பிள்ளை, நாற்று நடுபவர் பிள்ளை. 2020-இலே மருத்துவக் கல்லூரியில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் என்று சட்டம் வந்தபின், அந்தப் பிள்ளைகளிலே சிலர் வெள்ளைக் கோட்டு அணிந்தனர். அவர்களுக்கு முதல் எழுத்தைச் சொல்லித் தந்தவர் யார்? கிராமத்து ஈராசிரியர் பள்ளியிலே, ஐந்து வகுப்பை இருவராகக் கட்டி மேய்க்கும் இடைநிலை ஆசிரியர்! அடித்தளம் போடும் கொத்தனாருக்குக் கூலியைக் குறைத்துவிட்டு, மாடி ஆடுகிறதே என்று அங்கலாய்ப்பதா? நாளைக்கு இருப்போமா போவோமா என்று தெரியாத தற்காலிக ஆசிரியர் பிள்ளையின் பெயரைப் பழகுமுன் ஆண்டு முடிந்துவிடுகிறதே, அந்த இழப்பை எந்த அரசாணை ஈடுசெய்யும்? ஆசிரியர் கூலியிலே மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு காசும் நம் பிள்ளையின் படிப்பிலிருந்து பிடிக்கும் காசு!

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒரே பதவிக்கு ஒரே ஊதியம். சேர்ந்த தேதி பார்த்துத் தரம் பிரிக்காதீர். நிரந்தர வேலைக்கு நிரந்தர ஆள். அரை ஆளும் தற்காலிக ஆளும் அவசரத்துக்கு மட்டுமே. குழு போட்டால், அதற்கு முடிவு நாளையும் கூடவே போடுங்கள்!

செய்ய வேண்டியது நம் கையிலும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவிலே பெரும்பாலோர் பெற்றோர்தான், அதாவது நீங்கள்! அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். நம் பள்ளியிலே எத்தனை இடம் காலி, எத்தனை பேர் தற்காலிகம், யாருக்கு என்ன ஊதியம் என்று கேட்டுப் பதிவேட்டிலே எழுத வையுங்கள். மே முதல் நாள் உழைப்பாளர் திருநாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே. பகுதிநேர ஆசிரியருக்கு ஆண்டுக்கணக்கில் ஊதியமில்லாமல் கழிந்த மாதத்தின் முதல் நாளும் அதுதான்! அன்று கொடியேற்றிவிட்டு நேரே கிராம சபைக்குச் செல்லுங்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்று ஒரு வரித் தீர்மானம் போடுங்கள். ஆலைக்குக் கேட்கும் அதே நீதியைப் பள்ளிக்கும் கேளுங்கள்!