இறங்குமுறை வரைபடம்: டல்லெஸ் விமான நிலையம், வாஷிங்டன், 1974

விமானி எந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் பறக்கலாம் என்பதைக் காட்டும் தாள் இது. மேலே வழித்தடப் படம். கீழே பக்கவாட்டுப் படம். பக்கவாட்டுப் படம் ரவுண்ட் ஹில் என்ற இடத்தில் 1,800 அடி எனக் காட்டியது. அதற்கு மேற்கே இருந்த மலைக்கான உயர வரம்புகளை அது காட்டவில்லை. அந்தப் பகுதிக்கான 3,400 அடி என்ற வரம்பு வழித்தடப் படத்தில் மட்டுமே இருந்தது.

1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 விமானத்துக்கு இறங்குமுறை அனுமதி கிடைத்தது. கேப்டன் அந்த 3,400-ஐக் கவனித்தார். ஆனாலும், அனுமதி வந்துவிட்டதால் 1,800-க்கு இறங்கலாம் என்றே கருதினார். விமானம் மவுண்ட் வெதர் மலையில் மோதியது. அதிலிருந்த 92 பேரும் இறந்தனர்.

1,800 அடிக்கு இறங்குவதென்ற விமானக் குழுவினரின் முடிவை முதன்மைக் காரணமாகக் கூறிய விசாரணை வாரியம், பக்கவாட்டுப் படத்தின் குறையையும் துணைக் காரணமாகப் பதிவுசெய்தது.